குடம்புளி அமிலமும் புகையை விட்டவரின் எடையும்

மைசூர் நகரை விட்டு மேற்கே ஹுணசூர் வழியாகக் குடகு நோக்கிச் செல்பவர், மழைக்காலத்தில் பாதையின் இரு மருங்கிலும் புகையிலை வயல்களைக் காண்பார். ஹுணசூர், பிரியாபட்டணம் ஆகிய வட்டங்களில் விளைவது பெரும்பாலும் சிகரெட்டுக்கென்றே பயிரிடப்படும் வர்ஜீனியா வகையாகும். அதே திசையில் மேலும் சென்று மலையேறினால் வேறொரு தாவரம் எதிர்ப்படும். சிறு பூசணிக்காயைப் போல் வரிவரியாகப் பள்ளமிட்ட மஞ்சள் கனியைத் தரும் மரம் அது. மலையாள நாட்டிலும் குமரி மாவட்டத்திலும் அக்கனியைக் குடம்புளி என்பர். இலங்கையில் கொறுக்காய் என்பர். குடகர் அதன் சாற்றைக் கரிய நிறம் வருமளவும் காய்ச்சி, கச்சம்புளி என்னும் பெயரால் வைத்துக்கொண்டு இறைச்சிக் கறியில் சேர்ப்பர்.

இவ்விரு தாவரங்களும் இன்று ஒரே மனிதரின் வாழ்க்கையில் குறுக்கிடுகின்றன. புகைப்பதை நிறுத்திய ஒருவர், சில மாதங்களில் சட்டை இறுகுவதைக் கண்டு அஞ்சி, எடையைக் குறைக்கும் மாத்திரை ஏதேனும் உண்டா எனக் கடையில் வினவுகிறார். அவருக்குக் கிடைக்கும் குப்பியின் மேல் குடம்புளியின் தாவர இயற்பெயராகிய ‘கார்சீனியா’ என்ற சொல் பலமுறை காணப்படும். அதனை வாங்குவதால் பயனுண்டா? இல்லையெனில், பயன்தரும் மருந்து வேறு உண்டா? அவரது அச்சத்தைச் சிறிதென்று தள்ளிவிடுவதற்கில்லை. எடை கூடும் என்ற எண்ணத்தாலேயே புகையை விட முயலாதவரும், விட்ட பின் மீண்டும் பற்றவைத்தவரும் உளர்.

எடை ஏறுவதன் காரணம்

நிக்கோட்டின் என்னும் நஞ்சு இருவகையில் உடலை மெலிவாக வைத்திருக்கிறது. முதலாவதாக, உடல் செலவிடும் சக்தியை அது சற்று உயர்த்துகிறது. ஸ்விட்சர்லாந்தில் நடைபெற்று 1986ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், புகைப்பழக்கமுள்ள எண்மரை மூடிய சுவாச அறையில் தங்கவைத்து அளந்தனர். நாளொன்றுக்கு 24 சிகரெட் புகைத்த நாளில் அவர்கள் செலவிட்ட சக்தி, புகைக்காத நாளைவிட ஏறத்தாழ 10 சதவிகிதம் மிகுந்திருந்தது. இரண்டாவதாக, மூளையின் அடிப்பகுதியில் பசியை அடக்கும் நரம்பணுக்களை நிக்கோட்டின் தூண்டிவிடுகிறது. சுண்டெலிகளைக் கொண்டு இவ்வழியைத் தெளிவாக்கிய ஆராய்ச்சி 2011இல் வெளிவந்தது.

ஆகவே சிகரெட்டை விட்டவுடன் செலவு குறைகிறது, பசி கூடுகிறது. நாவின் சுவையும் மூக்கின் மணமறியும் திறனும் மீள்வதால் உணவும் இனிக்கிறது. கையும் வாயும் வெறுமையாக இருப்பதைப் பொறாமல் முறுக்கும் மிட்டாயும் நாடுவதும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு ஏறும்? 62 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கின்படி, மருந்தின் துணையின்றிப் புகையை விட்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 4.67 கிலோகிராம் கூடினர். அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிட்டது. ஆனால் சராசரி என்பது எல்லோருக்கும் பொருந்துவதன்று. நூற்றுக்குப் பதினாறு பேர் எடை குறைந்தனர். பதின்மூன்று பேர் பத்துக் கிலோவுக்கு மேல் கூடினர்.

மைசூர் ஆராய்ச்சிக்கூடத்தில்

மைசூர் செலுவாம்பா மாளிகை அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்கெனக் கட்டப்பட்டது. 1950 அக்டோபர் 21ஆம் நாள் அங்கு மத்திய உணவுத் தொழில்நுணுக்க ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. டாக்டர் வெ. சுப்ரமணியன் அதன் முதல் இயக்குநர். அங்கு பணியாற்றிய லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவர் குடம்புளியின் புளிப்பை ஆராய முற்பட்டனர். உடலை மெலிய வைப்பது அவர்கள் கருத்தில் இருந்ததன்று. மேற்குக் கடற்கரையில் ‘கொழும்பு முறை’ என்ற பெயரால் கானாங்கெளுத்தி முதலிய மீன்களை உப்பும் குடம்புளித் தோலும் இட்டுப் பதப்படுத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மீனைக் கெடாமற் காக்கும் அப்புளிப்பு யாது என்பது உணவுக் கலை வல்லுநர்க்கு இயல்பாக எழும் வினாவே.

அதுகாறும் அது டார்ட்டாரிக் அமிலம் என்றும் சிட்ரிக் அமிலம் என்றும் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. இரண்டும் பிழை. அது சிட்ரிக் அமிலத்தின் நெருங்கிய உறவாகிய ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று அவ்விருவரும் 1965ஆம் ஆண்டில் நிறுவினர். உலர்ந்த தோலின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாக இவ்வமிலம் இருப்பதுண்டு.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1969இல், அமெரிக்காவில் லோவன்ஸ்டைன் என்பவரும் அவருடைய துணைவரும் இவ்வமிலத்தின் வேறொரு குணத்தைக் கண்டனர். மிகுதியாக உண்ணப்பட்ட மாவுச்சத்து உடலில் கொழுப்பாக மாறும்போது, இடைநிலையில் சிட்ரேட்டாகி உயிரணுவின் உட்கூறொன்றிலிருந்து வெளிவருகிறது. அதனைப் பிளந்து கொழுப்புக்கு மூலப்பொருளாக்கித் தரும் நொதி ஒன்று உண்டு. ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் உருவத்தில் சிட்ரேட்டை ஒத்திருப்பதால், பூட்டினுள் சிக்கிக்கொண்ட போலிச் சாவியைப் போல் அந்நொதியில் இடம் பிடித்து அதன் வேலையை நிறுத்திவிடுகிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அவை உண்ணும் அளவும் குறைந்தது, கொழுப்பு உண்டாவதும் குறைந்தது.

வணிகர்க்கு இது போதுமானதாயிற்று. ஆயினும் எலியின் உடல் வேறு, மனிதனின் உடல் வேறு. நாம் உண்ணும் வழக்கமான உணவில், மாவுச்சத்திலிருந்து புதிதாகக் கொழுப்பை ஆக்கும் வேலை மனித உடலில் மிகக் குறைவாகவே நடைபெறுகிறது. தொப்பையில் சேர்வது பெரும்பாலும் எண்ணெயாகவும் நெய்யாகவும் உண்ட கொழுப்பே. சிறு வாய்க்காலை அடைத்து ஆற்றைக் குறைத்தல் இயலாது. 1998ஆம் ஆண்டில் வெளியான சோதனை இதனை உறுதிப்படுத்தியது. நியூயார்க்கில் பருத்த உடலினர் 135 பேரில் ஒரு சாராருக்கு நாள்தோறும் 1500 மில்லிகிராம் அமிலமும் மறுசாராருக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் தரப்பட்டன. இரு சாராருக்கும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே. அமிலம் உண்டவர் சராசரி 3.2 கிலோ குறைந்தனர். வெற்று மாத்திரை உண்டவர் 4.1 கிலோ குறைந்தனர்! இவ்வேறுபாடு தற்செயலானதே என ஆராய்ந்தோர் கருதினர். அமிலத்தால் நன்மை இல்லை என்பதே முடிவு. மேலும், இச்சாறு செறிந்த மாத்திரைகளை உண்டவர் சிலருக்குக் கல்லீரல் அழற்சி நேர்ந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. குழம்பில் இடும் இரண்டு துண்டுப் புளியைக் கண்டு இதனால் அஞ்ச வேண்டுவதில்லை.

மருந்துகளின் நிலை

புகையை விட்டவரின் எடையைத் தடுக்கவென்றே வேறு மருந்துகளையும் முன்னர் முயன்று பார்த்தனர். ஃபினைல் புரொபனாலமின் கலந்த பசை மிட்டாய் 1990ஆம் ஆண்டளவில் சோதிக்கப்பட்டது; எடை ஏற்றம் குறைந்தது உண்மை. ஆனால் அம்மருந்து மூளையில் இரத்தக் கசிவுக்கு இடந்தரும் என்று 2000ஆம் ஆண்டில் தெரியவர, அமெரிக்க அரசு அதனை விலக்குமாறு கோரிற்று. அவ்வாறே சோதிக்கப்பட்ட டெக்ஸ்ஃபென்ஃபுளூரமின், இதய வால்வுகளைக் கெடுப்பதாக அறியப்பட்டு 1997இல் விலக்கப்பட்டது. சில கிலோகிராம் எடைக்காக இதயத்தையோ மூளையையோ பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாத வாணிபமாகும்.

இன்று புகையை விடுவதற்கே வழங்கப்படும் மருந்துகள் சிறிய அளவில் எடையையும் பிடித்து நிறுத்துகின்றன. பியூப்ரோபியான் உண்ணும் காலத்தில் ஏற்றம் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் குறைகிறது. நிக்கோட்டின் பசை மிட்டாய், ஒட்டுப்பட்டை முதலியவற்றால் அரைக் கிலோகிராம் அளவு குறைகிறது. வாரெனிக்லினால் அதனினும் குறைவு. மருந்தை நிறுத்தி ஓராண்டு சென்றபின் இவ்வேறுபாடு நிலைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வலிப்பு நோயுள்ளவர் பியூப்ரோபியானை உண்ணலாகாது. ஆகவே மருத்துவரைக் கேளாமல் அதனைத் தொடங்குதல் கூடாது.

அண்மையில் நீரிழிவுக்கு ஊசியாக இடப்படும் டுலாகுளூட்டைடு என்னும் மருந்தும் ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரில் 255 பேரிடம் சோதிக்கப்பட்டது. எல்லோருக்கும் வாரெனிக்லின் தரப்பட்டது. பாதிப் பேருக்கு வாரந்தோறும் இவ்வூசியும் சேர்க்கப்பட்டது. 2023இல் வெளிவந்த முடிவின்படி, 12 வாரங்களில் ஊசி பெற்றவர் சராசரி ஒரு கிலோ குறைந்தனர், பெறாதவர் 1.9 கிலோ கூடினர். புகையை விட்டவர் தொகையோ இரு சாராரிலும் ஏறத்தாழ ஒன்றே. ஊசியை நிறுத்திய பின் எடை திரும்ப ஏறி, ஓராண்டில் அந்த நன்மை கரைந்துவிட்டது.

ஏறிய எடையால் புகையை விட்டதன் பயன் கெடுமா என்னும் வினாவுக்கு 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான பெரும் ஆராய்ச்சி விடை தருகிறது. எடை கூடியவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை உயர்ந்து பின்னர் படிப்படியாகக் குறைந்தது. ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் கூடியவர்க்கும், தொடர்ந்து புகைத்தவரைக் காட்டிலும் மரண அபாயம் தெளிவாகக் குறைந்தே இருந்தது. எனவே நீரிழிவு குடும்பத்தில் உள்ளவர், புகையை விட்ட முதல் சில ஆண்டுகளில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது அவசியம். உணவுக் கட்டுப்பாட்டையும் நடைப்பயிற்சியையும் மருத்துவர் இத்துடன் சேர்த்தே கூறுவார்.

இந்திய அரசு 2016இல் தொடங்கிய புகையிலை விடுப்புத் தொலைபேசிச் சேவையின் எண் 1800-11-2356, அழைப்புக்குக் கட்டணமில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிலையத்திலும் இதற்கு ஒரு கிளை நிறுவப்பட்டுத் தென்னாட்டு மொழிகளில் ஆலோசனை கூறப்படுகிறது. எடை பற்றிய கவலையையும் அங்கு தயங்காமல் கேட்கலாம்.