வந்து செல்லும் கலைஞர்களும் கரையில் வாழும் சிறார்களும்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து தெற்கே சிலாபம், வென்னப்புவ வரை நீண்டு கிடக்கின்றது. உப்பளத்தையும் களப்பையும் கரைவலையையும் இறால் பண்ணைகளையும் நம்பித் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அருகருகே வாழும் கரை இது. போர்முனைக்கு வெளியே இருந்த போதிலும் போரின் சுமையை நீண்ட காலம் தாங்கிய மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களுள் பெரும்பாலானோர் தஞ்சமடைந்தது இங்கேதான்.

தற்காலிகம் என்று கூறப்பட்ட கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது. அக்கொட்டில்களில் பிறந்தவர்கள் இன்று தாம் பெற்ற பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். காணி, குடிநீர், பாடசாலை இடம், வேலைவாய்ப்பு என்பவற்றுக்காக வந்தோருக்கும் அங்கேயே வாழ்ந்தோருக்கும் இடையே ஏற்பட்ட மனக்கசப்பைப் பிள்ளைகளும் அறிந்தே வளர்ந்தனர். 2019 மே மாதத்தில் சிலாபத்திலும் கொட்டாரமுல்லையிலும் முஸ்லிம்கள் மீது நடத்தப்பட்ட வன்முறை, மற்றுமொரு தலைமுறையின் மனத்தில் அச்சத்தை விதைத்தது. தாய் மத்திய கிழக்கில் தொழில் புரிய, பாட்டியின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளும் இக்கரையில் உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடி இத்தகைய குடும்பங்களை மேலும் நலிவடையச் செய்தது.

இத்தகைய சிறார்களிடம் சித்திரம், களிமண், பொம்மலாட்டம், நாடகம், பாட்டு ஆகியவற்றைக் கொண்டு பணியாற்றுவது உலகெங்கும் உதவி நிறுவனங்கள் கைக்கொள்ளும் ஒரு வழியாகும். இதற்கென வெளிநாட்டுக் கலைஞர்கள் ஒப்பந்த அடிப்படையில் அனுப்பப்படுவதுண்டு. அவர்களது வாழ்க்கை இலகுவானதன்று. மொழி தெரியாது; மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒரு பிள்ளையின் பெயரைக் கூடச் சரிவர உச்சரிக்க இயலாது. பகலில் கேட்ட துயரத்தை இரவில் எவரிடமும் பகிர முடியாத தனிமை வேறு. விசாவும் ஒப்பந்தமும் முடியும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அவர்களது நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் நல்லெண்ணம் மட்டும் போதுமா என்பதே நாம் எழுப்பும் வினா.

கலை ஏன் பயன் தருகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அச்சமுற்ற பிள்ளையிடம் நடந்ததைச் சொல் என வற்புறுத்துவது பல வேளைகளில் புண்ணைக் கிளறுவதாகவே முடியும். வண்ணத்தையும் களிமண்ணையும் கையில் கொடுத்தால், சொல்ல விரும்புவதை விரும்பிய அளவுக்கு மட்டும் அப்பிள்ளை வெளியிடுகின்றது. எதைச் செய்வது, எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் பிள்ளையின் கையிலேயே இருக்கின்றது. எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த வாழ்வில் இது சிறிய விடயமன்று. எனினும் கலை மருந்தாகிவிடாது. அவசரநிலைகளில் உளசமூக ஆதரவு வழங்குவது குறித்து 2007இல் சர்வதேச நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டி, ஆதரவை நான்கு படிகளாக வகுத்தது. பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும் முதற்படி. குடும்ப, சமூக ஆதரவு இரண்டாவது. பயிற்சி பெற்றோர் வழங்கும் ஆதரவு மூன்றாவது. நிபுணர் சிகிச்சை நான்காவது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் வழியற்ற பிள்ளையின் கையில் தூரிகையை மாத்திரம் கொடுத்துவிட்டுத் திருப்தியடைய முடியாது.

கலைப்பணியில் உண்மையாகக் குணப்படுத்தும் பொருள் நம்பிக்கையேயாகும். அதே நாளில், அதே இடத்தில், அதே முகங்கள் மீண்டும் மீண்டும் வருவதால் வளர்வது அது. தந்தையையோ ஊரையோ இழந்த குடும்பத்தின் பிள்ளை, நேசிக்கத் தொடங்கிய ஓர் அண்ணனையோ அக்காவையோ ஆறே மாதத்தில் விமான நிலையத்துக்கு வழியனுப்ப நேருமாயின், நிகழ்வது மற்றுமோர் இழப்பு. நிறுவனத்தின் அறிக்கைகளில் இந்த இழப்பு இடம்பெறுவதில்லை.

இதற்கு மாற்று வழி உண்டு என்பதை நமது நாட்டிலேயே மட்டக்களப்பு காட்டியது. கனேடியக் கலைஞரான போல் ஹோகன், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாருடன் இணைந்து 1996இல் அங்கே வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவைத் தொடக்கினார். போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மர நிழலில் மண் பிசைந்தனர், வர்ணம் தீட்டினர், கதை கட்டினர். அங்கே பிள்ளைகளுடன் அன்றாடம் பணியாற்றியவர்கள், இரு சமூகங்களிலிருந்தும் தெரிவாகிப் பயிற்சி பெற்ற உள்ளூரவர்களே. வெளிநாட்டவரின் அனுபவம் உள்ளூர்க் கைகளுக்கு மாறியது. புத்தளத்துக்கும் பொருந்தும் பாடம் இதுவே.

இக்கரை கலை வளம் குன்றிய கரையன்று. உடப்பில் கரைவலை இழுக்கும் மீனவரின் அம்பாப் பாடல் உண்டு. அவ்வூர்த் திரௌபதையம்மன் கோயில் விழாவின் மரபு உண்டு. முஸ்லிம் மக்களிடையே களிகம்பும் பாய் பின்னும் கைத்திறனும் உண்டு. பாட்டியும் மீனவரும் ஆசிரியராக அமரும் களத்தில் பிள்ளை தன் ஊரின் மீதே பற்றுக் கொள்ளும். உருவம் வரைதல், இசை, பெண்பிள்ளைகளின் பங்கேற்பு ஆகியவை பற்றிப் பெற்றோருக்குத் தயக்கம் இருப்பின், பள்ளிவாசல் நிர்வாகத்தோடும் தாய்மாரோடும் முன்கூட்டியே கலந்துரையாடுவதே முறை. கொடிகளும் வடிவங்களும் நிறைந்த அலங்காரக் கலை, எழுத்தணி, கதை சொல்லல் என இஸ்லாமிய மரபுக்கு அந்நியமல்லாத வழிகள் ஏராளம். தயக்கத்தைப் பின்தங்கிய மனப்பான்மை என்று ஒதுக்குவோரிடம் எந்தத் தாயும் தன் பிள்ளையை அனுப்பமாட்டாள்.

பிள்ளை தீட்டிய சித்திரம் பிள்ளைக்கே உரியது. நன்கொடையாளரைக் கவர்வதற்காக அதனையும், அழும் முகத்தின் புகைப்படத்தையும் சம்மதமின்றிப் பயன்படுத்துவது தகாது. சிறார்களோடு பணியாற்ற வருவோர் எந்நாட்டவராயினும், அவர்களது பின்னணி பரிசீலிக்கப்பட வேண்டும். துஷ்பிரயோகம் பற்றிய ஐயம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கப் பெற்றோர் தயங்கக் கூடாது.

விளையாட்டும் கலையும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்கின்றது ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. இலங்கை அச்சமவாயத்தை 1991இலேயே ஏற்றது. ஆகவே இது வெளிநாட்டவர் இடும் தானமன்று. நாம் நிறைவேற்ற வேண்டிய கடமை. பாடசாலைகள், பிரதேச செயலகங்கள், பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்கள் ஆகியன இடமும் ஆளும் தந்து உதவினால் வாரத்தில் ஒரு பிற்பகலையேனும் இச்சிறார்களுக்கென ஒதுக்கலாம். வெளிநாட்டுக் கலைஞர்கள் வரட்டும், நாம் வரவேற்போம். ஆனால் எவரிடம் இப்பணியை ஒப்படைத்துச் செல்வோம் என்ற கேள்விக்கு, வந்திறங்கும் முதல் நாளிலேயே அவர்களிடம் விடை இருக்க வேண்டும்.