செஞ்சியில் இரு வாலிபர்

பள்ளியிறுதித் தேர்வு முடிந்தபின், இனி யாது செய்வது என்னும் வினா உங்களிற் பலருடைய உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். செஞ்சிக் கோட்டைக்குச் செல்வீராயின், ஏறக்குறைய உங்கள் பிராயத்தினரான இருவரின் வரலாற்றை அங்கே காணலாம்.

ஒருவன் தேசிங்கு. தந்தை சொரூப்சிங் 1714இல் இறக்கவே, கோட்டைத் தலைமை அவன்மேல் வீழ்ந்தது. கப்பப் பாக்கி கேட்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தபோது, 22 வயதினனான அவன் சிறு படையுடன் எதிர்த்தோடி அவ்வாண்டே போரில் மாண்டான்.

மற்றவன் சிவாஜியின் இளைய மைந்தன் இராஜாராம். தமையன் சம்பாஜி 1689இல் கொலையுண்டபின், 19 வயதில், மாறுவேடம் பூண்டு தக்கணத்தைக் கடந்து செஞ்சியை அடைந்தான். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகை தொடங்கினான். கோட்டையோ எளிதில் விழுவதன்று. இராஜகிரியின் உச்சிக்கருகே மலையே பிளந்து நிற்கிறது. இடையிலுள்ள மரப்பாலத்தை நீக்கிவிட்டால் பகைவன் ஏறுதல் அரிது. உள்ளே நெற்களஞ்சியங்களும் உள, நீருக்கும் குறைவில்லை. இவற்றைக்கொண்டு ஏழாண்டுக்கு மேல் தாங்கினர்.

1698இல் கோட்டை வீழ்ந்தது. ஆனால் இராஜாராம் அதற்குள் தப்பிவிட்டான்!

நம் நாட்டார் பாடுவது தேசிங்கையே. அதில் எனக்கும் வருத்தமில்லை. ஆயினும் விரும்பிய கல்லூரியில் இடம் கிடையாது வாடி வருகின்ற மாணாக்கனுக்கு யான் காட்டுவது இராஜாராமையே. செஞ்சியை இழந்தவன் சாதாராவைத் தலைநகராக்கி அரசை மீண்டும் நடத்தினான். அப்போது அவனுக்கு வயது 30 நிறையவில்லை.