மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் வாழ்க்கை

தமிழ் பயிலும் மாணாக்கர் மருத்துவம் பேசப் புகுதல் சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும் யாம் ஈண்டுக் கூற எடுத்துக்கொண்டது கத்தியும் மருந்தும் பற்றிய செய்தியன்று. அவற்றிற்கு முன்னே நிகழ்வதும், அருகியே பேசப்படுவதுமாகிய ஒன்று. தேய்ந்துபோன இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ நீக்கிப் புதியதொன்றை அமைத்தல் இக்காலத்தில் யாவரும் அறிந்த சிகிச்சையாகும். அது வேண்டுமென வைத்தியர் கூறிய நாளுக்கும், அது நிகழும் நாளுக்கும் இடையே நோயாளர் எவ்வாறு வாழ்கின்றனர்? இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், அரசினர் செலவில் மருத்துவம் நடைபெறும் நாடுகளே, சிறப்பாக இங்கிலாந்தும் கனடாவுமே, நமக்குத் துணையாகின்றன. அந்நாடுகளில் இச்சிகிச்சைக்குப் பணம் வேண்டுவதில்லை. முறை வருதல் வேண்டும். காத்திருப்போர் பெயர்கள் பட்டியலில் எழுதப்பட்டிருத்தலின், அவர்தம் நிலையை அளந்தறிதலும் ஆண்டு இயல்வதாயிற்று.

எலும்புகள் ஒன்றோடொன்று உராயாவண்ணம் அவற்றின் முனைகளைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு நாளடைவில் தேய்ந்தும் பிளந்தும் கெடுதலே மூட்டுத் தேய்வு நோய். முதியோர்பால் அங்ஙனம் கெட்டது மீண்டும் பழைய நிலையில் வளர்வதில்லை. நோய் முதிர்ந்தவிடத்து நடத்தலும், நிற்றலும், படுக்கையிற் புரளுதலும் நோவாகின்றன. எனினும் இந்நோயால் நேரே உயிர் போவதில்லை. அதுவே இந்நோயாளர்க்குப் பெருங் கேடாய் முடிந்தது என்பது எம் கருத்து. புற்றுநோயுற்றாரும் இதய நோயுற்றாரும் முன்னே அழைக்கப்பட, ‘உயிர்க்கு அபாயமில்லை’ என்று குறிக்கப்பட்டவர் பின்னே நிறுத்தப்படுகின்றனர். அங்ஙனம் நிறுத்துதல் முறையே. ஆனால், அபாயமில்லை என்பதனைத் துன்பமில்லை என்பதாகவே கொள்ளும் வழக்கம் மெல்ல மெல்ல உண்டாகிவிடுகிறது.

இச்சிகிச்சை இற்றை நிலை எய்தியமைக்குப் பெரிதும் காரணராவார், லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் வைத்தியசாலையில் பணிபுரிந்த ஜான் சார்ன்லி என்னும் சஸ்திர வைத்தியர். இடுப்பு மூட்டின் கிண்ணத்திற்கு அவர் முதலிற் கையாண்ட டெஃப்லான் என்னும் பொருள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, அதன் துகள்கள் சுற்றியுள்ள திசுக்களைப் புண்படுத்தின. மனந்தளராத அவர் 1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உறுதிமிக்க பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். இப்பொருள்களின் தன்மையை அறிவான் வேண்டி அவற்றைத் தம் தொடைச் சதையிலேயே புகுத்திச் சோதித்தார் என்பதும் அறியத்தக்கது. அவர் வழியைப் பின்பற்றி இச்சிகிச்சை உலகெங்கும் பரவிற்று. பலன் நன்றாயிருக்கவே, விரும்புவோர் தொகையும் பெருகியது. தொகை பெருகவே, வரிசையும் நீண்டது.

இனி, அவ்வரிசையில் நிற்போர் நிலையைக் காண்போம். ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் 1996-ஆம் ஆண்டில் இடுப்பு மூட்டு நோயாளர்க்கென 12 வினாக்கள் அடங்கிய அளவை ஒன்றை வெளியிட்டனர். வினா ஒவ்வொன்றுக்கும் இந்நாளில் 0 முதல் 4 வரை மதிப்பெண் வழங்குப. முழு மதிப்பெண் 48. அவ்வினாக்களைப் படித்தபொழுது எமக்கு வியப்பே மேலிட்டது. எலும்பின் வடிவைப் பற்றியோ எக்ஸ்-ரே படத்தைப் பற்றியோ ஒரு வினாவும் அவற்றுள் இல்லை. குளித்து உடல் துவட்டிக்கொள்ள இயலுகின்றதா? காலுறையைத் தாமே அணிய முடிகின்றதா? வீட்டிற்கு வேண்டிய பண்டங்களைத் தாமே சென்று வாங்கி வர ஆகுமா? உண்டபின் நாற்காலியை விட்டு எழுதல் எத்துணை நோவு தருகின்றது? இரவில் நோவு உறக்கத்தைக் கெடுக்கின்றதா? இவையே அங்கு வினவப்படுவன. காலுறையைப் பற்றிய வினா சிறிதெனத் தோன்றலாம். குளிர்நாட்டில், தம் பாதத்தைத் தம் கையால் எட்ட இயலாத ஒருவர், நாள்தோறும் காலையில் பிறர் ஒருவர் வந்து குனியும்வரை கட்டிலில் அமர்ந்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பின், அதன் பெருமை விளங்கும். அங்ஙனம் குனிபவர் பெரும்பாலும் மனைவியோ கணவரோ ஆவர், அவரும் முதியவரே. அவர் பெயர் எப்பட்டியலிலும் இல்லை.

பிறிதோர் அளவையும் உண்டு. யூரோக்வால் என்னும் அறிஞர் குழு வகுத்த அது, நடமாட்டம், தன்னைத் தான் பேணுதல், அன்றாட வேலைகள், நோவு, மனக்கவலை என்னும் ஐந்தனைப் பற்றி வினவுவது. விடைகளைக் கூட்டி ஓர் எண்ணாக்குப. முழு நலம் 1, இறப்பு 0. இவ்வெண்கள் எங்ஙனம் பெறப்பட்டன எனின், பொதுமக்கள் பலரை அழைத்து, ‘இன்ன நோயோடு 10 ஆண்டு வாழ்தலை விரும்புவீரா, அன்றி நோயின்றிச் சில ஆண்டுகளே வாழ்தலை விரும்புவீரா?’ என்று வினவி, அவர்கள் எத்துணை ஆண்டுகளை விட்டுக்கொடுக்க இசைந்தனர் என்பதனைக் கொண்டு கணக்கிட்டனர். சில நிலைகளைக் கண்டபோது, அவற்றினும் இறப்பே மேல் என மக்கள் விடை பகர்ந்தனர். ஆகலின் அந்நிலைகட்கு 0-இற்கும் கீழான எண் கொடுக்கப்படலாயிற்று.

எடின்பரோ நகரத்துச் சஸ்திர வைத்தியர்கள் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, இடுப்பு மூட்டுச் சிகிச்சைக்குக் காத்திருந்தோருள் நூற்றுக்கு 19 பேரும், முழங்கால் மூட்டுச் சிகிச்சைக்குக் காத்திருந்தோருள் நூற்றுக்கு 12 பேரும் இவ்வாறு 0-இற்கும் கீழான நிலையில் இருந்தமை காணப்பட்டது. கொரோனாத் தொற்றுக்குப் பின்னர், பிரிட்டனின் பல வைத்தியசாலைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டவிடத்து, அத்தொகைகள் முறையே 35 ஆகவும் 22 ஆகவும் உயர்ந்திருந்தன. ஈண்டு ஒன்று கூறுதல் வேண்டும். இந்நோயாளர் சாக விரும்பினர் என்பது இதன் பொருளன்று. அந்நிலையை வெளியிலிருந்து கண்ட பொதுமக்கள் கொடுத்த மதிப்பே அது; அதனுள் இருந்து வாழ்வோர் பலர் தம் பேரக் குழந்தைகளையும் தம் தோட்டத்தையும் கண்டு மகிழ்ந்துகொண்டுதாம் இருப்பர். இவ்வெண்ணை எடுத்து அச்சுறுத்தும் தலைப்பிடுதல் எமக்கு உடன்பாடன்று. ஆயினும், ‘உயிர்க்கு அபாயமில்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்களுள் ஐவரில் ஒருவர் வாழ்க்கை இறப்பினும் தாழ்ந்ததாக மதிக்கப்படுமாயின், வரிசையை வகுத்தவர் அதனை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

காத்திருத்தலால் நோய் மிகுகின்றதா என்பது அடுத்த வினா. இதற்கு விடை பலரும் கருதுவதுபோல் எளிதன்று. ஆறு திங்களுக்கு உட்பட்ட காத்திருப்பில் நோவின் அளவு பெரிதும் மாறுவதில்லை என்றே ஆராய்ச்சிகள் பல காட்டுகின்றன. முன்னரே நோவு மிக்க நிலையிற்றான் பெயர் பதியப்படுகின்றது என்பதும் அதற்கொரு காரணமாகலாம். ஆனால், மாறாதது நோவு மட்டுமே. நோவுள்ள காலை மனிதர் இயல்பாகவே பயன்படுத்தாது விடுவர். மேலும், வீங்கிய முழங்கால் தன் முன்தொடைத் தசையை முழுதும் இயங்கவொட்டாமல் தடுக்கின்றது. இயங்காத தசை மெலிகின்றது. தசை மெலியின் மூட்டின்மேற் சுமை கூடி, நோவும் மிகுகின்றது. நோவு மிகவே நடை மேலும் குறைகின்றது. நோவு தணிக்கும் மாத்திரைகளை நெடுநாள் உண்பதால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடுதல் உண்டு. அபினியின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளில் நெடுநாட் பழகியவர்க்குச் சிகிச்சைக்குப் பின்னரும் நோவு அடங்குதல் அரிதாகின்றது.

இவையெல்லாம் புதிய மூட்டு வந்தவுடன் தீர்ந்துவிடும் எனின், காத்திருத்தலை ஒரு கெட்ட கனவாக எண்ணி விட்டுவிடலாம். அங்ஙனம் தீர்வதில்லை. பாஸ்டனிலும் மான்ட்ரீயாலிலும் நோயாளரைத் தொடர்ந்து கண்டு 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, சிகிச்சைக்கு முன் இயக்கம் மிகக் குன்றியிருந்தோர், சிகிச்சையால் நலம் பெற்றும், முன்பு ஓரளவு நன்கிருந்தோர் எய்திய நிலையை எய்தவில்லை எனக் காட்டியது. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் மாற்றிவைத்தல் ஒரு நாட் பணி. மெலிந்த தசையை மாற்றிவைத்தல் எவ்வைத்தியராலும் இயலாது. ஆகவே காத்திருக்குங் காலம் சிகிச்சைக்கு முற்பட்ட வெறுங்காலமன்று என்பதும், அது சிகிச்சையின் பலனுள்ளேயே புகுந்து அதனைக் குறைப்பது என்பதும் நாம் அறிதல் வேண்டும்.

நாள் தெரியாமை மற்றொரு துன்பம். எம் பாடநூல்களில் முல்லைக்கு இருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருளாகச் சொல்லப்படுதலை மாணாக்கர் அறிவர். கார்காலத்து மீள்வேன் எனப் பருவங் குறித்துப் பிரிந்தவிடத்துத் தலைவி ஆற்றியிருக்கின்றாள். குறித்த பருவம் பொய்த்ததெனக் கண்டவழி அவ்விருத்தலே இரக்கமாகிவிடுகின்றது. காதற் செய்தியை மூட்டு நோய்க்குப் பொருத்துதலைத் தமிழாசிரியர் பொறுத்தருள்க. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவத் துறையார், நூற்றுக்கு 92 பேர்க்கு 18 வாரத்துள் சிகிச்சை தொடங்கப்படும் என்று பருவங் குறித்தனர். 2016-க்குப் பின் பல்லாண்டுகளாக அக்குறி எட்டப்பட்டிலது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அவசரமற்ற சிகிச்சைகள் யாவும் நிறுத்திவைக்கப்பட்டன. 2023 செப்டம்பரில் பட்டியலிலிருந்த சிகிச்சைகள் ஏறத்தாழ 77 இலட்சம். அவற்றுள் எலும்பு மூட்டுப் பிரிவு மிகப் பெரிதாகும்.

காத்திருத்தல் நீதிமன்றம் ஏறியதும் உண்டு. அது கனடாவில். கியூபெக் மாகாணத்து ஜார்ஜ் ஸெலியோட்டிஸ் என்னும் முதியவர், தம் இடுப்பு மூட்டுச் சிகிச்சைக்கு நெடுநாட் காத்திருக்க நேர்ந்ததென்றும், அரசினர் அளிக்கும் சிகிச்சைக்குத் தனியார் காப்புறுதி பெறலாகாதெனத் தடுக்கும் சட்டம் தம் உரிமையைக் கெடுக்கின்றதென்றும், ஷவுல்லி என்னும் வைத்தியரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார். கீழ்மன்றம் 2000-ஆம் ஆண்டில் வழக்கைத் தள்ளிற்று. தாமதத்திற்கு வரிசை ஒன்றே காரணமன்று என்றும் கருதிற்று. நாட்டின் உயர்நீதி பீடமோ 2005-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள், நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அச்சட்டத்தடை மாகாண உரிமைச் சாசனத்திற்கு மாறானதெனத் தீர்ப்பளித்தது. 2006-இல் இயற்றப்பட்ட கியூபெக் சட்டம் இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு, கண்புரை ஆகிய மூன்று சிகிச்சைகட்குக் காப்புறுதியை அனுமதித்தது. பணமுடையார் வரிசையை விட்டு விலகினால், எஞ்சி நிற்போர்க்கு வழி திறக்குமா, அன்றி வைத்தியரும் அவர் பின்னே செல்வரா என்னும் வாதம் அங்கு ஓய்ந்தபாடில்லை. எமக்கு அவ்வாதத்தினும் முதன்மையாகத் தோன்றுவது, 2005 டிசம்பரில் அந்நாட்டு அரசாங்கங்கள் இம்மூட்டுச் சிகிச்சைகட்கு 26 வாரம் என எல்லை குறித்தமையே. ஆனால் அவ்வெல்லை சிகிச்சை செய்வதென முடிவான பின்னர் எண்ணப்படுவது. இங்கிலாந்தின் 18 வாரமோ, குடும்ப வைத்தியர் கடிதம் அனுப்பியதிலிருந்து எண்ணப்படுவது. இருநாட்டுக் கடிகாரங்களும் ஒன்றல்ல. நோயாளரின் கடிகாரம் இரண்டற்கும் முன்னரே ஓடத் தொடங்கியிருக்கும்.

வரிசை குறுகும்வரை செய்யத்தக்கது யாதுமில்லையோ எனின், உண்டு. டென்மார்க்கில் 2013-ஆம் ஆண்டு முதல், மூட்டு நோயாளர்க்கு இரண்டு விளக்க வகுப்புகளும், வாரம் இருமுறையாக 12 உடற்பயிற்சி வகுப்புகளும் நடத்தும் முறை ஒன்று பரவலாயிற்று. இடையே, முழங்கால் மாற்றுச் சிகிச்சைக்கு உரியரென முடிவு செய்யப்பட்ட 100 பேரை அந்நாட்டார் இரு பகுதியாக்கி ஆராய்ந்து, 2015-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியார் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றனர். மற்றவர், பயிற்சியும் உணவொழுங்கும் மருந்தும் மட்டும் பெற்றனர். ஓராண்டின் முடிவில் சிகிச்சை பெற்றோரே மிகுந்த நலமுற்றனர். கடிய தீங்குகள் நேர்ந்ததும் அவர்க்கே மிகுதி: 24-க்கு 6. சிகிச்சை பெறாத 50 பேருள் 13 பேர் அவ்வாண்டிற்குள் சிகிச்சையை வேண்டிப் பெற்றனர். எஞ்சியோர் தம் பழைய முழங்காலோடு, முன்னிலும் நோவு குறைந்தே நடந்தனர். பயிற்சிக்கு வேண்டுவன ஒரு நாற்காலியும், ஒரு படிக்கட்டும், தவறாகச் செய்யுங்கால் திருத்துவார் ஒருவருமே. காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதும் அன்றே அத்திருத்துவாரிடமும் அனுப்பிவைக்கும் வைத்தியசாலைகள் இன்னும் சிலவே.