சம்பள பாக்கியா? முதலில் நோட்டீஸ் கொடுங்கள்

மூன்று மாதமாகச் சம்பளம் வராத கால்பந்து வீரரிடம் "கிளப்புக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைப்பேசியை எடுத்து வாட்ஸ்அப்பைத்தான் காட்டுவார். "சார், சம்பளம் இன்னும் வரல சார்." பதில்: "இன்வெஸ்டர்கிட்ட பேசிட்டிருக்கோம் தம்பி, அடுத்த வாரம் போட்டுடுவாங்க." அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், கூடவே கைகூப்பும் ஒரு எமோஜி. பதில் சொல்லும் டீம் மேனேஜருக்கே சம்பளம் வந்திருக்காது. பணம் தர வேண்டிய கம்பெனிக்கு அந்த வீரர் ஒரு வரிகூட எழுதவில்லை.

இன்னும் சிலர் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். நோட்டீஸ் கொடுக்காமல் கிளம்பியதால், ஒப்பந்தத்தை மீறியவர் வீரர்தான் என்று கிளப் வழக்கைத் திருப்பிப் போடுகிறது. வேறு சிலர், ஜனவரி டிரான்ஸ்ஃபர் நேரத்தில் ரிலீஸ் லெட்டர் கிடைத்தால் போதும் என்று நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறார்கள். "எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை" என்று அந்தத் தாளின் கடைசிப் பத்தியில் இருப்பதை அப்புறம்தான் படிக்கிறார்கள். வடசென்னை வியாசர்பாடியிலிருந்தும் குமரி மாவட்டத் தூத்தூர்க் கடற்கரையிலிருந்தும் பெரிய லீக் கனவோடு பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதை அவசியம் படிக்க வேண்டும். ஒரு வீரர் ஆடிச் சம்பாதிக்கும் காலமே கொஞ்சம். அதில் ஒரு சீசன் சம்பளம் போனால் அது திரும்ப வராது.

"பெரிய கிளப், ஏமாத்த மாட்டாங்க" என்பவர்களுக்கு ஹைதராபாத் எஃப்.சி.யின் கதையைச் சொல்ல வேண்டும். 2021–22 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற அணி அது. அடுத்த சீசனிலும் லீக் அட்டவணையில் இரண்டாம் இடம். அதற்குள் சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போனது. முன்னாள் வீரர்களுக்குத் தர வேண்டிய பணத்துக்காக, புது ஆட்களைப் பதிவு செய்யவே ஃபிஃபா தடை விதித்தது. 2023–24 சீசனின் நடுவில் வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோரும் அனுபவசாலிகளும் ஒவ்வொருவராக வெளியேற, பெரும்பாலும் இளம் இந்தியப் பையன்களை வைத்துத்தான் மீதி ஆட்டங்களை ஆடி முடித்தார்கள். 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. 2024-இல் கிளப் கைமாறியது. 2025-இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்து பெயரும் மாறியது. சாம்பியனாக இருந்து ஒரே வெற்றி என்ற நிலைக்கு வர இரண்டே வருடம்தான் ஆனது.

பணம் இருந்தும் நிர்வாகச் சண்டையால் வீரர்கள் தவிப்பது இன்னொரு ரகம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலில் 2018-இல் க்வெஸ் நிறுவனம் முதலீட்டாளராக வந்தது, 2020-இல் விலகியது. அடுத்து வந்த ஶ்ரீ சிமென்ட்டோடு முதற்கட்ட ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தானது. இறுதி ஒப்பந்தத்தில் கிளப் நிர்வாகிகள் கையெழுத்திட மறுத்தார்கள். மாதக்கணக்கில் இழுத்த அந்தச் சண்டை ரசிகர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. முதலமைச்சர் தலையிட வேண்டியதாயிற்று. இதற்கு நடுவில், க்வெஸ் காலத்தில் ஆடிய கோஸ்டாரிகா உலகக்கோப்பை வீரர் ஜானி அகோஸ்டாவின் சம்பள பாக்கிக்காக 2021-இல் ஃபிஃபா அந்தக் கிளப்புக்கு ஆள் சேர்க்கத் தடை போட்டது. பழைய முதலாளியின் கடன் என்று சொல்லி யாரும் தப்ப முடியவில்லை. அகோஸ்டா முறைப்படி ஃபிஃபாவில் வழக்குப் போட்டிருந்ததுதான் காரணம். இதைக் கவனியுங்கள்.

அதுவரை ஏதோ ஒரு கிளப்புக்கு மட்டும் வந்த சிக்கல் 2025-இல் முழு லீக்குக்கும் வந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையே இருந்த, 2010-இல் போட்ட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. முடியப்போகும் தேதி பதினைந்து வருடமாகத் தெரிந்ததுதான். இருந்தும் புதுப்பிக்கும் வேலை முடியவில்லை; ஜூலை 11 அன்று சீசனை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி.யும் முதல் அணியின் வேலைகளை நிறுத்தியது. லீக் கடைசியில் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது. அலுவலகத்தில் கோப்பு நகராததற்கு மைதானத்தில் ஓடுகிறவன் வீட்டில் அடுப்பு அணைய வேண்டுமா? பொறுப்பில் இருந்தவர்கள் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவே இல்லை.

இப்படி ஒரு நிலைமையில் மாட்டினால் என்ன செய்வது?

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். கையில் பிரதி இல்லை என்பவர்கள் ஏராளம்; கையெழுத்துப் போட்ட அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைப்பதற்கு என்ன தடை? அதில் சம்பளம் தருவதாகக் கையெழுத்திட்டிருப்பது யார் என்று பாருங்கள். ஜெர்சியில் இருக்கும் கிளப் பெயர் வேறு, சட்டப்படி உங்களை வேலைக்கு வைத்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி வேறு. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயரைப் போட்டால் பதிவு அலுவலக முகவரியும் இயக்குநர்கள் பெயரும் கிடைக்கும். நோட்டீஸ் போக வேண்டியது அங்கே. நிர்வாகத்தில் இரண்டு கோஷ்டி இருந்தால், எந்தக் கோஷ்டி ஜெயிக்கும் என்று ஆராய்வது உங்கள் வேலை அல்ல. பதிவு அலுவலகத்துக்கும் கிளப் அலுவலகத்துக்கும் அனுப்பி, இயக்குநர்கள் எல்லோருக்கும் நகல் போடுங்கள்.

சம்பளம் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பணத்தை "இமேஜ் ரைட்ஸ்" என்ற பெயரில் தனி ஒப்பந்தத்தில் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. அது தனி வணிக ஒப்பந்தம் என்று கிளப் வாதாடினால் கால்பந்துத் தீர்ப்பாயங்கள் அதை விசாரிக்காமல் விட்டுவிடக் கூடும். கையெழுத்துப் போடும் முன்பே மொத்தத் தொகையையும் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். வீரர் பதிவு, மாற்றம் குறித்த ஃபிஃபா விதிகளில் 14-பிஸ் என்றொரு பிரிவு 2018 முதல் இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல், வீரர் எழுத்து மூலம் கேட்டுக் குறைந்தது 15 நாள் அவகாசமும் கொடுத்த பின், முழுப் பாக்கியும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது அது. உள்நாட்டு வழக்குகளிலும் இதே ஒழுங்கில் நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு. மூன்றையும் மனதில் ஏற்றுங்கள்: இரண்டு மாதம், எழுத்து, 15 நாள். நோட்டீஸ் இல்லாமல் கிளம்பினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் கையை விட்டுப் போகலாம்.

நோட்டீஸில் வீரவசனம் வேண்டாம். ஒப்பந்தத் தேதி, எந்தெந்த மாதச் சம்பளம், ஒவ்வொன்றும் வர வேண்டிய தேதி, தொகை, மொத்தம், உங்கள் வங்கிக் கணக்கு எண், "இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் முழுத் தொகையும் செலுத்தப்படாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு" என்ற வாசகம், கையெழுத்து. அவ்வளவுதான். பின்னால் தீர்ப்பாயம் படிக்கப்போவது என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். எழுத வராவிட்டால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறார்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்பைப் பார்த்தும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மகளிர் லீக்கில் ஆடும் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

மின்னஞ்சலில் ஒன்று, தபாலில் ஒன்று அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இலேயே விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள். வாட்ஸ்அப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அந்த 15 நாளும் தினமும் பயிற்சிக்குப் போங்கள். மனம் வராதுதான், ஆனாலும் போங்கள். ஒரு நாள் போகாவிட்டாலும் "ஆள் வரவில்லை" என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். பதினான்காம் நாள் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் கணக்கில் போட்டுவிட்டு "செட்டில் பண்ணிட்டோம்" என்பார்கள். வந்ததைப் பெற்றுக்கொண்டேன், மீதி இவ்வளவு, என் நோட்டீஸ் தொடர்கிறது என்று அன்றைக்கே பதில் எழுதுங்கள். லீக் நடக்கவில்லை, அதனால் சம்பளத்தைக் குறைக்கிறோம் என்றால், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கிளப் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. விட்டுக்கொடுக்க நீங்களே சம்மதித்தாலும், பணம் தள்ளிப்போகிறதா, அடியோடு ரத்தாகிறதா என்பதை எழுதி வாங்குங்கள். ரிலீஸ் லெட்டருக்காகப் பாக்கி இல்லை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இதை ஏற்கனவே சொன்னேன். இனியும் கையெழுத்துப் போடுவார்கள் என்பதால் மறுபடி சொல்கிறேன்.

எங்கே வழக்குப் போடுவது என்பதில்தான் பெருங்குழப்பம். மாநிலச் சங்கத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அங்கே இருப்பவர்களும் "இது எங்கள் வேலை இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் மனுவை வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். தேசிய லீக்கில் ஆடும் இந்திய வீரருக்கும் இந்தியக் கிளப்புக்கும் தகராறு என்றால், டெல்லி துவாரகாவில் ஃபுட்பால் ஹவுஸில் இயங்கும் அகில இந்தியக் கூட்டமைப்பின் பிளேயர்ஸ் ஸ்டேட்டஸ் கமிட்டிக்குத்தான் போக வேண்டும். வீரர் வெளிநாட்டவர் என்றாலோ, நீங்கள் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடினாலோ, ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயம். அதன் இணையவழியிலேயே மனு போடலாம். வீரர் போடும் சம்பள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஒப்பந்தம், நோட்டீஸ், தபால் ரசீது, சம்பளம் வரும் கணக்கின் வங்கி அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். முன்னாள் இந்திய அணிக் கேப்டன் பூட்டியா தலைமையில் 2006-இல் தொடங்கிய இந்தியக் கால்பந்து வீரர்கள் சங்கத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். தனியாளாகப் போராடத் தேவையில்லை.

ஃபிஃபாவில் கெடு இரண்டு ஆண்டு. பாக்கி விழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு தாண்டினால் மனுவையே எடுக்க மாட்டார்கள். "கிளப்போடு உறவு கெட்டுவிடும்" என்று பொறுத்திருப்பவர்கள் இந்தக் கெடுவில்தான் தோற்கிறார்கள். கிரிக்கெட்டில் பாருங்கள், கொச்சி டஸ்கர்ஸ் அணி 2011-இல் ரத்தானது. சம்பளத்தில் 35 சதவீதம் இன்னும் வரவில்லை என்று அதில் ஆடிய ஆஸ்திரேலியர் பிராட் ஹாட்ஜ் 2021-இல் ட்விட்டரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு வந்தபின்பும் கவனம் வேண்டும். ஃபிஃபா முதலில் முடிவை மட்டும் அனுப்பும். காரணங்கள் வேண்டும் என்று பத்து நாளுக்குள் கேட்காவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும். காரணங்கள் கிடைத்த 21 நாளுக்குள் சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். ஜெயித்திருந்தால் வங்கி விவரத்தை உடனே கிளப்புக்கு அனுப்புங்கள். அனுப்பாததைச் சாக்காகச் சொல்லியே இழுத்தடிப்பார்கள். 45 நாளில் பணம் வராவிட்டால் மூன்று பதிவுக் காலங்கள் வரை கிளப் புது ஆள் எடுக்க முடியாதபடி தடை வரும். கிளப் பெயரை மாற்றினாலும் கம்பெனியை மாற்றினாலும், பெயர், நிறம், வீரர்கள், ஆடும் லீக் இவற்றைப் பார்த்து வாரிசு கிளப் என்று முடிவானால் பழைய கடன் அதன் தலையில்தான் விழும்.

கம்பெனியே திவாலானால் பாதை வேறு. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையைத் தொடங்கியதும் நாளிதழில் பொது அறிவிப்பு வரும். பாக்கிக்கான கோரிக்கையை அதில் உள்ள கடைசித் தேதிக்குள் கொடுக்க வேண்டும். சம்பளக்காரராக இருந்தால் படிவம் டி, தொழில்முறைக் கட்டணம் என்று பணம் பெற்றிருந்தால் படிவம் பி. நீங்கள் எந்த வகை என்பது ஒப்பந்தத்திலும் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித் துறை அறிக்கையிலும் (26ஏஎஸ் என்று அறியப்பட்டது) தெரியும். அந்த அறிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள். சம்பளத்தில் வரி பிடித்தார்கள், அரசுக்குக் கட்டவில்லை என்றால் அங்கே அந்தத் தொகை இருக்காது. கிளப் தள்ளாடத் தொடங்கிவிட்டது என்பதற்கு, சம்பளம் நிற்பதற்கு முன்பே கிடைக்கக்கூடிய அடையாளம் அது. சம்பளச் சீட்டில் பிடித்தமும் அந்த அறிக்கையில் வெற்றிடமும் தெரிந்தால், அன்றைக்கே கிளப்பின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேளுங்கள்.