திருச்சி கல்லூரிப் பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பம்

சேலம் வழியா திருச்சிக்குப் போறவங்க பிஷப் ஹீபர் கல்லூரி என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. அந்த ஹீபர் கல்யாணம் செய்தது யார் வீட்டுப் பெண்ணை தெரியுமா? ஜோனதன் ஷிப்லி என்ற இங்கிலாந்து பிஷப்பின் பேத்தியை!

ஷிப்லி 1714-ல் பிறந்தவர். 1769-ல் வேல்ஸ் நாட்டில் செயின்ட் அசாஃப் என்ற ஊருக்கு பிஷப் ஆனார். ஒரு மகன், ஐந்து மகள்கள். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் இவருடைய நண்பர். அவர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆரம்பித்ததே 1771-ல் ஷிப்லி வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோதுதான்!

பிராங்க்ளின் கொடுத்த அமெரிக்க அணில் ஒன்றை அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆசையா வளர்த்தாங்க. பேரு மங்கோ. 1772-ல் கூண்டை விட்டு வெளியே போனதை நாய் கடித்துக் கொன்றுவிட்டது. ஜார்ஜியானா என்ற மகளுக்கு ஆறுதலாக, அணிலுக்கு ஒரு கல்லறை வாசகமே எழுதி அனுப்பினார் பிராங்க்ளின்!

பதவியா, மனசாட்சியா?

அமெரிக்க மக்களை இங்கிலாந்து அரசு அடக்கப் பார்த்த காலம் அது. ஷிப்லி அதை எதிர்த்தார். 1774-ல் பிரபுக்கள் சபையில் பேச எழுதி வைத்ததைப் பேச முடியவில்லை. சும்மா இருந்தாரா? அச்சடித்தே வெளியிட்டார். அரசருக்குப் பிடிக்குமா? அதற்குப் பிறகு அவருக்குப் பதவி உயர்வே இல்லை. 1788-ல் இறக்கும்வரை அதே ஊர் பிஷப்தான்.

இந்தியாவுக்கு வந்த இருவர்

மூத்த மகள் அன்னா மரியா, 1783-ல் வில்லியம் ஜோன்ஸை மணந்து கல்கத்தா வந்தார். ஜோன்ஸ் அங்கே நீதிபதி. 1784-ல் ஆசியச் சங்கத்தைத் தொடங்கியவர். 1794-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய நூல்களை எல்லாம் திரட்டி 1799-ல் வெளியிட்டவர் அன்னா மரியா.

ஷிப்லியின் மகன் வயிற்றுப் பேத்தி அமேலியா. 1809-ல் ரெஜினால்ட் ஹீபரை மணந்தார். ஹீபர் 1823-ல் கல்கத்தா பிஷப்பாக வந்தார். 1826 ஏப்ரல் 3, திருச்சி. காலையில் தமிழ் மக்களுக்கு ஆராதனை நடத்திவிட்டுக் குளிக்கப் போனவர், தண்ணீரிலேயே இறந்துபோனார். வயசு 42தான். அங்கே புனித யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்தாங்க. அவருடைய இந்தியப் பயணக் குறிப்புகளை 1828-ல் புத்தகமாக்கியவர் அமேலியா.

கணவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அவங்க எழுதினதைக் காப்பாத்திக் கொடுத்தது இந்த இரண்டு பெண்கள்! வீட்டில் பெண்பிள்ளைகள் படித்தால் வரலாறே பிழைக்கும். சிந்திப்போமா?

— 11-ஆம் வகுப்பு மாணவி