உங்களுக்குத் தெரியுமா? – பழைய கம்பைலர், புதிய மென்பொருள்

● கார், டிவி, செல்போன் என்று பல கருவிகளுக்குள் உட்கார்ந்து இணையத்திலிருந்து தகவலை இறக்கித் தரும் ‘கர்ல்’, இன்றும் 1989-ல் வகுத்த சி மொழி விதிப்படியே எழுதப்படுகிறது. வேரியபிள்களை எல்லாம் பிளாக்கின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். குறிப்பு எழுத இரட்டைச் சாய்கோடு போடக் கூடாது, சாய்கோடும் நட்சத்திரமும்தான். இந்தக் கண்டிப்பால் கிடைத்த பலன் பெரிது: நூற்றுக்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் கர்ல் ஓடியிருக்கிறது.

● அந்த 1989 விதிகூடத் தெரியாத கம்பைலர்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. எச்பி-யுஎக்ஸ் இயங்குதளத்தோடு சேர்ந்து வந்த கம்பைலர் அப்படிப்பட்டது. பழைய சி-யில் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் பெயர்கள் மட்டுமே இருக்கும். எது எண், எது எழுத்து என்பதை அடுத்த வரிகளில் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய பாணியைப் பழைய பாணிக்கு மாற்றவே ‘ஆன்சி2கேஎன்ஆர்’ என்ற குட்டி புரோகிராமை எழுதினார், ‘கோஸ்ட்ஸ்கிரிப்ட்’ என்ற மென்பொருளை உருவாக்கிய பீட்டர் டாய்ச்.

● தயிர் உறைய உறைமோர் வேண்டும். கம்பைலரை உருவாக்கவும் ஒரு கம்பைலர் வேண்டும். ‘ஜிசிசி’ என்ற கம்பைலரின் 2013-ல் வந்த 4.8 பதிப்பு முதல், அதைக் கட்டவே சி++ கம்பைலர் தேவை. வெறும் சி கம்பைலர் மட்டும் இருக்கும் கணினியில் என்ன செய்வது? முதலில் 4.7, அதைக் கொண்டு 4.8, அதன் பிறகுதான் 11. மெதுவான கணினியில் ஒவ்வொரு படியும் நாள்கணக்கில் ஓடும்.

● பவர்பிசி சிப் கொண்ட மேக் கணினிகளை ஃபயர்ஃபாக்ஸ் 4 பிரவுசர் கைவிட்டது. அந்தக் கணினிகளில் ஓடிய டைகர் இயங்குதளத்துக்கு ஆப்பிள் தந்த ஜிசிசி 4.0.1 புதிய நிரலுக்குப் போதவில்லை. புரோகிராமர் கேமரன் கைசர் தளரவில்லை. புதிய ஜிசிசியைக் கொண்டுவந்து, ஜாவாஸ்கிரிப்டை வேகமாக ஓட்டும் பகுதியையும் பவர்பிசிக்கென எழுதி, ஃபயர்ஃபாக்ஸை ‘டென்ஃபோர்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் 2010 முதல் 2021 வரை வெளியிட்டார். போற்ற வேண்டிய உழைப்பு.

● 2021 பிப்ரவரியில் பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ நூலகம் ரஸ்ட் மொழியைச் சேர்த்தது. ஆல்ஃபா, எச்பிபிஏ போன்ற பழைய சிப்களுக்கு ரஸ்ட் கம்பைலரே இல்லை. அங்கே புதிய பதிப்பைக் கட்ட முடியாமல் போனது. நினைவகப் பிழைகளைத் தவிர்க்க எடுத்த முடிவு அது, நியாயமானதுதான். ஆனால் பலருக்குத் திடீரென்று தெரியவந்தது. ஓப்பன் சோர்ஸ் எழுதும் நண்பர்களே, குறைந்தது எந்தக் கம்பைலர் வேண்டும் என்பதை ரீட்மீ கோப்பின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அதை மாற்றும்போது முன்கூட்டியே சொல்லுங்கள்.