மடிக்கணினி கொதிக்கிறதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

நான்கைந்து ஆண்டுகள் உழைத்துத் தளர்ந்த மடிக்கணினிக்கு மறுவாழ்வு கொடுக்க நம் மாணவர்கள் பலர் நாடும் வழி, பழைய வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவதாகும். பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர்களுக்குப் புதுக் கணினி வாங்குவதைவிட இது மலிவு. ஆனால், மாற்றிய சில நாள்களிலேயே கணினியின் அடிப்பாகம் கொதிக்கிறது, விசிறி ஓயாமல் இரைகிறது என்ற புலம்பல் எழுவதும் உண்டு. உடனே, எஸ்.எஸ்.டி. கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மீண்டும் கடைக்கு ஓடுகிறோம். உண்மையில் குற்றவாளி யார்?

எந்த வகை எஸ்.எஸ்.டி.?

2.5 அங்குல வன்தட்டு இயங்கும்போது ஏறக்குறைய 2 வாட் மின்சாரம் எடுக்கும். அதே வடிவிலுள்ள சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கும் பொதுவாக 2 முதல் 3 வாட்தான். எனவே, அதைப் பொருத்திய பின் கணினி கொதித்தால் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

என்.வி.எம்.இ. வகையின் கதை வேறு. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்தச் சிறிய அட்டை, பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது 5 வாட்டையும் தாண்டும். வெப்பம் சிறு பரப்பில் குவிகிறது. அட்டையின்மேல் இருந்த வெப்பம் கடத்தும் பட்டையைத் திரும்ப ஒட்டாமல் விட்டால் சூடு இன்னும் ஏறும். இவற்றில் பலவற்றுக்கு 70 பாகை செல்சியஸ்தான் எல்லை. அதைத் தாண்டிச் சூடேறினால் அட்டை தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மற்ற காரணங்கள்

முதலாவது, பின்னணி வேலை. விண்டோசைப் புதிதாகப் பதிந்ததும் அது கோப்புகளை அட்டவணைப்படுத்தும், புதுப்பிப்புகளைப் பதிவிறக்கும். முன்பு மெதுவான வன்தட்டுக்காகக் காத்துக் கிடந்த செயலி, இப்போது ஓய்வின்றி உழைக்கிறது. ஓரிரு நாளில் இது தானே தணியும்.

இரண்டாவது, இயக்கிகள். கணினி உற்பத்தியாளரின் இணையத்தளத்திலிருந்து உரிய இயக்கிகளைப் பதியாவிட்டால், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் வசதிகள் சரிவர வேலை செய்யாமல் போகலாம்.

மூன்றாவது, திறந்து மூடிய கை. விசிறியின் கம்பி கழன்றிருக்கலாம். தூசி காற்று வழியை அடைத்திருக்கலாம். விசிறிச் சத்தமே கேட்கவில்லை என்றால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எதுவும் செய்யாதபோதும் செயலியின் பயன்பாடு உயர்ந்தே இருந்தால், எந்த மென்பொருள் அதற்குக் காரணம் என்று அங்கேயே தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருள் எஸ்.எஸ்.டி.யின் வெப்பநிலையைக் காட்டும். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 பாகை என்றால் கவலை வேண்டாம். செயலியும் எஸ்.எஸ்.டி.யும் ஓய்ந்திருந்தும் கணினி கொதித்தால், விசிறியையும் தூசியையும் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்சாதனம் இல்லாத விடுதி அறையில் மெத்தைமேல் வைத்து வேலை செய்வதையும் நிறுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. கணினியைக் காசு கொடுத்து மாற்றலாம். இறுதியாண்டு ஆய்வேட்டை மாற்ற முடியாது. புதிய எஸ்.எஸ்.டி. ஓரிரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழைய வன்தட்டை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்!